கடல் கடந்த கடலை

தென்னாற்காட்டுப் பக்கம் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக்கொட்டை என்றும் சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்தில் கச்சான். சென்னையில் வேர்க்கடலை, மதுரையில் வெறும் கடலை, பாடப்புத்தகத்தில் நிலக்கடலை. தோலோடு இருந்தால் காய், உடைத்துவிட்டால் பருப்பு. இத்தனை பெயர் இருந்தும் நமக்குள் குழப்பம் வருவதில்லை. கடை முன்னால் நின்று ஒரு பிடி அள்ளி, நாலு பருப்பை வாயில் போட்டுப் பார்த்து, "இதுல ரெண்டு கிலோ" என்று கைகாட்டிவிட்டால் முடிந்தது.

கடலை மதராஸில், வாங்குகிற எண்ணெய் ஆலை டென்மார்க்கில், பணம் லண்டன் வங்கியில் என்றால் கைகாட்ட வழியில்லை. சொல்லால்தான் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்ன ஒரு பெயரால் 1940இல் 16,975 பவுன் தொங்கலில் நின்றது.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்து எண்ணெய் ஆலைக்காக லண்டன் வியாபாரிகள் சுமார் 1,400 டன் கடலை அனுப்ப வேண்டும். பணத்துக்குப் பொறுப்பேற்று லண்டனின் ஹாம்ப்ரோஸ் வங்கி ஒரு கடிதம் கொடுத்தது. அதில் சரக்கின் பெயர் 'கோரமண்டல் நிலக்கடலை'. கோரமண்டல் என்பது நம் சோழமண்டலக் கரைதான். அந்தக் கரையின் கடலைக்கு லண்டன் சந்தையில் அதுவே பெயர். ஆனால் கப்பலின் சரக்குச் சீட்டில் எழுதியிருந்தது 'இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு'. ஓரத்தில் கோரமண்டலைக் குறிக்கும் சி.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்துகள். இரண்டும் ஒரே பொருள் என்பது கடலை வியாபாரத்தில் இருக்கும் எவருக்கும் தெரியும். நீதிமன்றத்தில் சாட்சியும் அப்படியே சொன்னது. ஆனாலும் வங்கி பணம் தர மறுத்தது. "கடிதத்தில் இருக்கும் சொல் வேறு, சீட்டில் இருக்கும் சொல் வேறு" என்பதே அது சொன்ன காரணம்.

முதல் நீதிமன்றம் வியாபாரிகள் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. வங்கி செய்ததே சரி என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

முதன்முதலில் இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு இது அநியாயமாகப் பட்டது. உலகமே ஒன்று என்று சொல்லும் பொருளை வங்கி மட்டும் இரண்டு என்று சொல்வதா? ஆனால் நாடு விட்டு நாடு நடக்கும் வியாபாரம் எதன் மேல் நிற்கிறது என்று பார்க்கப் பார்க்க, அந்தக் கண்டிப்புக்குள் இருக்கும் நியாயம் தெரியத் தொடங்கியது.

யார் முதலில் கை நீட்டுவது?

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இருவர். ஒருவரிடம் சரக்கு, இன்னொருவரிடம் பணம். சரக்கை முதலில் அனுப்பினால், பணம் வரும் என்பதற்கு என்ன உறுதி? பணத்தை முதலில் அனுப்பினால், சரக்கு வரும் என்பதற்கு யார் பொறுப்பு? ஏமாற்றினால் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்க முடியாது. இருவருக்கும் பொதுவான ஊர்ப் பெரியவர் இல்லை, பொதுவான காவல் நிலையம் இல்லை, பொதுவான அரசும் இல்லை.

இந்தச் சிக்கலை வணிகர்கள் இரண்டு காகிதங்களைக் கொண்டு அவிழ்த்தார்கள். முதலாவது கப்பல் சரக்குச் சீட்டு. துறைமுகத்தில் எல்லோரும் 'பி.எல்.' என்பது இதைத்தான். சரக்கு கப்பலில் ஏறியதற்கு அது ரசீது. கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான ஒப்பந்தத்துக்குச் சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அசல் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே கப்பல்காரர் சரக்கைக் கொடுப்பார். ஆகவே கப்பல் நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும்போதே, கரையில் அந்தச் சீட்டைக் கைமாற்றிச் சரக்கை விற்றுவிடலாம். ஆயிரம் டன் கடலை ஒரு தாளுக்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது காகிதம் வங்கியின் கடனுறுதிக் கடிதம், வணிகர் வாயில் 'எல்.சி.'. "இன்னின்ன காகிதங்களைக் கொண்டு வா. நான் சொன்னபடி அவை இருந்தால், வாங்குபவர் என்ன சொன்னாலும் நான் பணம் தருகிறேன்" என்று வங்கி விற்பவருக்குக் கொடுக்கும் வாக்கு இது. விற்பவர் வாங்குபவரை நம்ப வேண்டியதில்லை, வங்கியை நம்பினால் போதும். வாங்குபவரோ, சரக்கு ஏறிய சீட்டு வராமல் தன் பணம் போகாது என்று நிம்மதியாக இருக்கலாம். சரக்கு கடல் வழியே போக, காகிதம் தனி வழியே போகிறது. இரண்டும் அக்கரையில் சந்திக்கின்றன.

இந்த ஏற்பாட்டில் நடுவே உட்கார்ந்திருக்கும் வங்கி ஊழியரை நினைத்துப் பாருங்கள். மூட்டையை அவர் பார்ப்பதில்லை. இன்று கடலை, நாளை தோல், மறுநாள் இயந்திர உதிரிபாகம் என்று அவர் மேசைக்கு வருவதெல்லாம் தாள்கள். ஆயிரக்கணக்கான தொழில்கள் ஒவ்வொன்றின் வழக்குச் சொல்லும் வங்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். 'இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும்' என்று அவர் தாமாக முடிவெடுக்கத் தொடங்கினால், ஒருநாள் அந்த ஊகம் பொய்க்கும். அன்று நட்டம் யாருக்கு? காகிதம் பொருந்தினால் உண்டு, பொருந்தாவிட்டால் இல்லை என்ற கண்டிப்பு இருப்பதால்தான், உலகின் எந்த மூலையில் இருக்கும் வியாபாரியும் அந்தக் கடிதத்தை ரொக்கம் போல எண்ணி அடுத்த கொள்முதலுக்குப் போக முடிகிறது.

விதியும் காலத்தோடு கற்றுக்கொண்டது. பாரிஸில் இயங்கும் பன்னாட்டு வணிகச் சபை 1933இல் இதற்கென ஒரு பொது விதித்தொகுப்பை வெளியிட்டது. 2007 முதல் நடைமுறையில் இருக்கும் அதன் இன்றைய வடிவம், விலைப்பட்டியலில் சரக்கின் பெயர் கடிதத்தோடு பொருந்தியே ஆக வேண்டும் என்கிறது. மற்றக் காகிதங்களில் முரண்படாத பொதுப் பெயர் இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுக்கிறது. காகிதங்களைச் சரிபார்க்க வங்கிக்கு 5 வேலைநாள் அவகாசம். கோரமண்டல் கடலை வழக்கின் கூர்மை அதனால் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. ஆனாலும் ஒரு பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடும் ஏற்றுமதிக்காரர்களின் பழக்கம் இன்றும் போகவில்லை. போகவும் கூடாது.

பெட்டிக்குள் குப்பை

காகிதம் மட்டுமே கணக்கு என்றால், பெட்டிக்குள் எதை வேண்டுமானாலும் அடைத்து அனுப்பலாமா? 1941இல் நியூயார்க் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி நம் நாட்டிலிருந்தே போனது. பிரஷ் செய்வதற்கான பன்றி மயிரை லக்னோ நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்க ஓர் அமெரிக்கர் ஒப்பந்தம் செய்திருந்தார். 50 பெட்டிகள் கப்பலேறின, சீட்டும் ஒழுங்காக இருந்தது. ஆனால் பெட்டிகளுக்குள் இருப்பது மாட்டு மயிரும் குப்பையும் என்று கூறி, வங்கி பணம் கொடுப்பதைத் தடுக்கும்படி அவர் நீதிமன்றம் போனார்.

சரக்கின் தரம் மட்டம் என்பது மட்டும் புகாராக இருந்திருந்தால் நீதிமன்றம் அசைந்திருக்காது. அது வாங்குபவரும் விற்பவரும் தனியாகத் தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு. வங்கியின் வாக்கு அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ஆனால் வேண்டுமென்றே குப்பையை அனுப்பிவிட்டு அதற்குச் சீட்டு வாங்கியிருந்தால், அந்தச் சீட்டே பொய். வங்கி பணம் கொடுப்பதற்கு முன்பே மோசடி தெரியவந்துவிட்டால் அதற்குத் துணைபோக வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. குற்றச்சாட்டு உண்மை என்று வைத்துக்கொண்டு சொன்ன தீர்ப்புதான் அது. ஆனாலும் மோசடி என்னும் அந்த ஒற்றை விதிவிலக்கு இன்றுவரை உலகம் முழுவதும் நிற்கிறது. மட்டமான சரக்குக்கும் மோசடிக்கும் நடுவே கோடு கிழிப்பது கடினம். அந்தக் கோட்டில்தான் இந்தத் துறையின் வழக்குகள் பலவும் நடக்கின்றன.

கோழி என்றால் எந்தக் கோழி?

வங்கி நடுவில் இல்லாமல் வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் நிற்கும்போதும் சொல் காலை வாரும். 1957இல் ஒரு சுவிட்சர்லாந்து நிறுவனம் நியூயார்க் வியாபாரியிடம் உறையவைத்த கோழி வாங்கியது. இரண்டரை முதல் மூன்று ராத்தல் எடையுள்ளது ஒரு வகை, ஒன்றரை முதல் இரண்டு ராத்தல் எடையுள்ளது இன்னொரு வகை. சரக்கு போய்ச் சேர்ந்தபோது பெரிய கோழிகளில் பலவும் முட்டையிட்டு ஓய்ந்த முற்றிய கோழிகள், கொதிக்கவைத்துச் சூப்புக்கு மட்டும் ஆகிறவை. "நாங்கள் கேட்டது வறுக்கவும் பொரிக்கவும் ஆகிற இளங்கோழி" என்றார் வாங்கியவர். "கோழி என்று கேட்டீர்கள், கோழி தந்தோம்" என்றார் விற்றவர்.

நம் ஊர்க் கறிக்கடையில் நாட்டுக்கோழியா, பிராய்லரா, முட்டைக்கோழியா என்று கேட்காமல் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார்கள். அங்கே அந்தக் கேள்வி தெளிவாக எழவில்லை. இருவரும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் தந்தியடித்துப் பேசிக்கொண்டாலும், கோழிக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லையே போட்டிருந்தார்கள். ஜெர்மன் சொல் இருவகைக் கோழிக்கும் பொது. ஆங்கிலச் சொல் இளங்கோழியை மட்டுமே குறிக்கும் என்று எண்ணியே அப்படி எழுதினோம் என்றது வாங்கிய தரப்பு.

1960இல் தீர்ப்பளித்த நீதிபதி ஹென்றி ஃபிரெண்ட்லி, கோழி என்றால் என்ன என்ற கேள்வியோடே தீர்ப்பைத் தொடங்கினார். அகராதியைப் பார்த்தார், அமெரிக்க வேளாண்துறை விதிகளைப் பார்த்தார், தொழிலில் இருப்பவர்களின் சாட்சியத்தைக் கேட்டார். விலையையும் பார்த்தார். பெரிய கோழிக்கு ஒப்பந்த விலை ராத்தலுக்கு 33 சென்ட். அந்த எடையில் இளங்கோழியின் சந்தை விலையோ 35 முதல் 37 சென்ட். நட்டத்துக்கு விற்க எந்த வியாபாரியும் ஒப்பந்தம் போடமாட்டார் அல்லவா? கடைசியில், அந்தச் சொல்லைக் குறுகிய பொருளில்தான் பயன்படுத்தினோம் என்று வாங்கியவர் நிரூபிக்கவில்லை என்று கூறி, விற்றவர் பக்கம் தீர்ப்பானது. 'இளம்' என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் வழக்கே வந்திருக்காது.

கால்வாய் அடைபட்ட நாள்

சொல் சரியாக இருந்தும் உலகம் மாறிப்போனால்? இதற்கும் ஒரு கடலை வழக்கு உண்டு.

1956 அக்டோபர் 4. சூடான் கடலை 300 டன்னை, டன் 50 பவுன் விலையில், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு அனுப்ப ஓர் ஒப்பந்தம் ஆனது. கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. நவம்பர் அல்லது டிசம்பரில் சரக்கு ஏற வேண்டும். போர்ட் சூடானிலிருந்து கிளம்பும் கப்பல் சூயஸ் கால்வாய் வழியாகத்தான் போகும் என்று இருவருமே நினைத்தார்கள். அதை ஒப்பந்தத்தில் எழுதவில்லை. எப்போதும் நடப்பதை யார் எழுதிவைப்பார்கள்?

அக்டோபர் கடைசியில் சூயஸ் போர் வெடித்தது. நவம்பர் 2 அன்று கால்வாய் அடைபட்டது. இனி ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். 4,386 மைல் தூரம் 11,137 மைலாக நீண்டது. டன்னுக்கு ஏழரை பவுனாக இருந்த கப்பல் கூலி டிசம்பர் நடுவில் 15 பவுன் ஆனது. "நாங்கள் ஒப்புக்கொண்ட பயணமே இப்போது இல்லை, ஆகவே ஒப்பந்தமும் இல்லை" என்று சொல்லி விற்றவர்கள் சரக்கை ஏற்றவில்லை.

வழக்கு படிப்படியாக ஏறி 1961இல் லண்டனின் பிரபுக்கள் சபை வரை போனது. நீதிபதிகள் அந்தக் கடலையையே கையில் எடுத்துப் பார்த்தது போல யோசித்திருக்கிறார்கள். அது சில வாரம் அதிகமாகக் கப்பலில் இருந்தால் கெட்டுப்போகிற பொருளா? இல்லை. இன்ன தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கெடு இருந்ததா? இல்லை. மாற்று வழி இருந்ததா? இருந்தது; நீளமானது, செலவும் கூடியது, ஆனாலும் இருந்தது. கடினமாவது வேறு, முடியாமல் போவது வேறு. செலவு கூடியதனால் மட்டும் ஒருவர் கொடுத்த வாக்கு கலைந்துவிடாது. விற்றவர்கள் 5,625 பவுன் நட்டஈடு கட்ட வேண்டியதாயிற்று.

இந்தத் தொகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1957 ஜனவரியில் கடலை விலை டன் 68.75 பவுனுக்கு ஏறியிருந்தது. ஒப்பந்த விலைக்கும் அதற்கும் வித்தியாசம் 18.75, அதை 300 ஆல் பெருக்கினால் 5,625. கூடுதல் கூலி கொடுத்துச் சுற்றுவழியில் அனுப்பியிருந்தால், டன்னுக்கு ஏழரை பவுன் வீதம் 2,250 பவுனோடு நட்டம் நின்றிருக்கும். ஒரே ஒரு வரி, 'சூயஸ் வழியாக' என்றோ, 'கால்வாய் அடைபட்டால் இப்படி' என்றோ எழுதியிருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம்.

2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற பெருங்கப்பல் அதே கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் வழியடைத்தபோதும், 2023 இறுதி முதல் செங்கடல் தாக்குதல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் மறுபடி ஆப்பிரிக்காவைச் சுற்றியபோதும், உலகெங்கும் ஒப்பந்தத் தாள்களைப் புரட்டியவர்கள் தேடியது அந்த ஒரு வரியைத்தான்.

யார் சட்டம், எந்த நீதிமன்றம்?

இதில் இன்னொரு வியப்பு. கடலை சூடானில் விளைந்தது. போக வேண்டிய இடம் ஜெர்மனி. ஆனால் தீர்ப்புச் சொன்னது லண்டன். ஏனென்றால் ஒப்பந்தம் லண்டன் எண்ணெய்வித்து வணிகர் சங்கத்தின் படிவத்தில் இருந்தது. தகராறு வந்தால் யார், எந்தச் சட்டப்படி தீர்ப்பது என்பதையும் வாங்குபவரும் விற்பவரும் தாங்களே எழுதிக்கொள்ளலாம். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில் அது இருக்கும்.

அந்த வரி எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் தெரியும். அதே கடலை வழக்கு இன்று வேறு சட்டத்தின்கீழ் வந்தால் பேச்சே வேறு. 2016க்குப் பிந்தைய பிரெஞ்சுச் சட்டத்தில், எதிர்பாராத மாற்றத்தால் சுமை தாங்க முடியாமல் போனவர் மறுபேச்சுக்கு அழைக்கலாம். உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றமே ஒப்பந்தத்தைத் திருத்தவும் வழியுண்டு. ஜெர்மன் சட்டத்திலும் 2002 முதல் இதைப் போன்ற பிரிவு உண்டு. ஒரே தாள், ஒரே சரக்கு, ஒரே போர். சட்டத்துக்குச் சட்டம் விடை மாறுகிறது.

இந்த வேறுபாட்டைக் குறைக்க 1980இல் வியன்னாவில் சரக்கு விற்பனைக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை உருவானது; 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானியம் என்ற ஆறு மொழி வடிவங்களும் சம அதிகாரம் உடையவை. 90க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. இந்தியாவும் பிரிட்டனும் சேரவில்லை.

சட்டம் எதுவானாலும் தீர்ப்பு பணமாக வேண்டும். அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் வென்று வந்தவர் அந்தத் தீர்ப்பை அப்படியே இந்திய நீதிமன்றத்தில் நீட்டி நிறைவேற்றக் கேட்க முடியாது. அதை அடிப்படையாக வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு நாட்டு எல்லையில் இப்படித் தடுக்கி நிற்கும்போது, இருதரப்பும் தாமே தேர்ந்த நடுவரின் தீர்ப்பு எல்லையைத் தாண்டிவிடுகிறது. 1958இல் நியூயார்க்கில் கையெழுத்தான உடன்படிக்கைதான் அதற்குக் காரணம். இந்தியா 1960இல் அதை ஏற்றது. இன்று 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. அரசின் நீதிபதி சொன்னதைவிட இரு வணிகர்கள் அமர்த்திய நடுவர் சொன்னது தூரம் போகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

முசிறியின் தாள்

வியன்னாவில் அந்த உடன்படிக்கையைவிட மிகப் பழைய ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியத் தேசிய நூலகத்தில், கிரேக்க எழுத்தில், ஓரங்கள் சிதைந்த பாப்பிரஸ் தாள். காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1985இல் இதன் வாசகம் அச்சில் வந்தது. அது பெயர் சொல்லிக் குறிக்கும் ஊர், சேரநாட்டு முசிறி.

தாளின் ஒரு பக்கம் சரக்குக் கணக்கு. 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த தந்தம், கங்கைக்கரை நறுமண வேரான சடாமாஞ்சில் 60 பெட்டி. கால் பங்கு சுங்கம் கழித்த பிறகும் மதிப்பு ஏறக்குறைய 70 லட்சம் செஸ்டர்ஸ் என்னும் ரோமானியக் காசு. மறுபக்கம் கடன் ஒப்பந்தம். கடன் வாங்கியவர் எழுதிக்கொடுக்கிறார்: செங்கடல் கரையிலிருந்து சரக்கை நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் ஒப்படைத்து, காவலோடு பாலைவனம் கடந்து கொப்டோஸ் நகரத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே பொதுக் கிடங்கில் வைத்து உங்கள் முத்திரையை இடுவேன். நைல் ஆற்றில் ஏற்றி அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோய் அங்கும் கிடங்கில் உங்கள் முத்திரைக்குக் கீழ் வைப்பேன். தவணைக்குள் கடனைத் தீர்க்காவிட்டால், வழக்குத் தொடராமலே நீங்கள் சரக்கை எடுத்து விற்கலாம்; மிஞ்சினாலும் குறைந்தாலும் அது என் கணக்கு.

சரக்குச் சீட்டுக்குப் பதில் முத்திரை, வங்கிக்குப் பதில் கடன் கொடுத்தவர். நியூயார்க் உடன்படிக்கை இல்லாத காலத்தில் நீதிமன்றப் படியே ஏறாமல் தீர்த்துக்கொள்ள ஒரு வரி. சூயஸ் கடலை ஒப்பந்தத்தில் விடுபட்டுப்போனதை இந்தத் தாள் விடவில்லை: எந்த வழி, யார் கையில், எங்கே முத்திரை, தவறினால் என்ன என்று ஒவ்வொன்றும் எழுதியிருக்கிறது.

ஒப்பந்தத்தின் தொடக்கப் பகுதி அழிந்து போயிருக்கிறது. கடன் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்ற பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஒட்டகக்காரனும் முத்திரையும் தவணையும் மட்டும் அப்படியே இருக்கின்றன.